நான் மட்டும் விழுந்த படம்

மதுரைப் பக்கத்திலிருந்து வந்து, ராயபுரத்தில் ஒரு போட்டோ ஸ்டூடியோவின் இருட்டறையில் நான்கு வருடம் படம் கழுவினேன். இந்த ஊரில் என்னை யாரும் சேர்த்துக்கொள்ளவில்லை என்பது அப்போது என் தீராத புகார்.

ஒரு தீபாவளிக்கு மறுநாள் முதலாளியின் காமிராவைக் கேட்டு வாங்கிக்கொண்டு கடற்கரைக்குப் போனேன். இருட்டியதும், மீனவர் பிள்ளைகள் ஐந்து பேருக்குக் கம்பி மத்தாப்பைக் கொளுத்திக் கொடுத்து, "ஓடுங்க, வெளிச்சமெல்லாம் கோடு கோடா விழும்" என்றேன். காமிராவை முக்காலியில் நிறுத்தி, அதன் கண்ணை ஒரு நிமிடம் திறந்தே வைத்தேன். அதற்குள் சின்னவள் மேரியின் பாவாடையில் பொறி பட்டுவிடுமோ என்று பயம் வந்துவிட்டது. ஓடிப்போய் அவர்களுக்கு நடுவே கிடந்த ஒரு கட்டுமரத்தின் மேல் உட்கார்ந்து அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

படத்தைக் கழுவிக் கொண்டுபோய்க் காட்டினேன். கோடுகள் ஜோராக இருந்தன. ஓடிய பிள்ளைகள் ஒருவர்கூடப் படத்தில் விழவில்லை. நடுவே, அசையாமல் உட்கார்ந்திருந்த நான் மட்டும் தெளிவாக இருந்தேன்.

மேரி உற்றுப் பார்த்தாள். "இன்னா மாமா, நாங்கல்லாம் உன்னைச் சுத்திச் சுத்தி வந்தோம். நீ மட்டும் ஒண்டியா குந்திகினு கீற?"

நான்கு வருடமும் நான் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன்.

"இன்னொரு தபா எடு. நீயும் ஓடு" என்றாள்.

மறுநாள் இருட்டியதும் நானும் ஒரு மத்தாப்பைப் பிடித்துக்கொண்டு ஓடினேன். அந்தப் படத்தில் ஆறு கோடுகள்தான் இருக்கின்றன. இன்றும் தனியாக வசிக்கும் என் அறையில் மாட்டியிருப்பது அதுதான். எப்போதாவது வருகிறவர்கள், "இதில் ஆளையே காணோமே?" என்பார்கள்.

என் கோடு எதுவென்று எனக்குத் தெரியும்.