வீரம்மா கரண்டி வாங்கிய கதை

வீரம்மாவின் வலது மணிக்கட்டு முறிந்ததற்குக் காரணம் ஒரு கரப்பான் பூச்சி. மலேசியாவின் கிள்ளானில் தன் வீட்டுக் குளியலறையில் அதை அடிக்கச் செருப்பை ஓங்கியவள் வழுக்கி விழுந்தாள். கரப்பான் தப்பித்துவிட்டது. அறுபத்தொரு வயது எலும்பு தப்பிக்கவில்லை. ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு போட்டு, ஆறு வாரத்துக்கு அந்தக் கையை மறந்துவிடச் சொன்னார்கள்.

கையை மறக்கலாம். சோற்றை எப்படி மறப்பது?

புருஷன் பரமேஸ்வரன் ஊட்டிவிட முன்வந்தார். முப்பது வருஷம் மணல் லோரி ஓட்டியவர். ஊட்டுவதிலும் அதே வேகம்தான். ஒரு வாய் இறங்குவதற்குள் அடுத்த உருண்டை மூக்குக்கு நேரே நிற்கும். கண் மட்டும் டிவி பந்தாட்டத்தில் இருக்கும். நான்காம் நாள் யாரோ கோல் போட்ட சந்தோஷத்தில் ஒரு கவளம் சாம்பார் சாதம் அவள் காதுக்குப் போனது.

"போதுங்க சாமி. கரண்டிய எடுங்க, நானே சாப்பிட்டுக்கிறேன்."

இழுப்பறையில் கரண்டிகளுக்குக் குறைச்சல் இல்லை. பானம் வாங்கியபோது இலவசமாக வந்தது, யார் கல்யாணத்திலோ மொய்க்குப் பதில் மரியாதையாகக் கொடுத்தது, சென்னை போய்வந்தபோது விமானத்திலிருந்து பரமேஸ்வரன் சுட்டது. ஒன்று சோற்றில் குத்தினாலே வளைந்தது. ஒன்று உதட்டைக் கீறியது. இடது கையில் எதுவும் நேராக நிற்கவில்லை. பாதிச் சோறு நைட்டி தின்றது.

வீரம்மாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. இருபத்தொன்பது வருஷம் கையுறைக் கம்பெனியில் தரம் பார்த்தவள் அவள். ஊசிமுனை ஓட்டையைக் கண்டுபிடித்து, ஒரு லோட்டையே திருப்பி அனுப்பி, மேனேஜருக்குத் தலைவலி கொடுத்தவள். கேவலம் ஒரு கரண்டியிடம் தோற்பதா?

சனிக்கிழமை காலை, ஐஸ்பெட்டியில் ஒட்டியிருந்த காந்தத்தையும் ஒரு டப்பா ரசம் சாதத்தையும் பையில் போட்டுக்கொண்டு, பரமேஸ்வரனையும் இழுத்துக்கொண்டு, லிட்டில் இந்தியாவில் ஜபருல்லாவின் பாத்திரக் கடைக்குப் போனாள்.

ஜபருல்லா வெல்வெட் பெட்டி ஒன்றைத் திறந்தார். கரண்டி, முள்ளுக்கரண்டி, கத்தி என்று இருபத்துநாலு உருப்படி பளபளத்தன.

"பதினெட்டுக்குப் பத்து ஸ்டீல், அக்கா. பெரிய ஹோட்டல்ல எல்லாம் இதான்."

வீரம்மா கரண்டியில் காந்தத்தை வைத்தாள். பச்சென்று ஒட்டிக்கொண்டது. கம்பெனியில் எவர்சில்வர் தொட்டி இறக்கும்போது டெக்னிஷியன்கள் இப்படித்தான் சோதிப்பார்கள்.

"பதினெட்டுக்குப் பத்துன்னா நிக்கல் ஜாஸ்தி, காந்தம் இப்படி ஒட்டாதுலா, பாய்."

"அட்டையில அப்படித்தானே போட்டிருக்கு."

"அட்டையில என்னை உலக அழகின்னு கூடப் போடலாம். ஒரு தட்டு குடுங்க."

"தட்டு எதுக்கு?"

"சாப்பிட்டுப் பாக்காம கரண்டி எப்படி வாங்குறது?"

பரமேஸ்வரன் நைசாக நழுவி, குக்கர் வரிசைக்குப் போய், முன்பின் தெரியாத ஆள் மாதிரி விசில்களை ஆராயத் தொடங்கினார்.

பின்பக்கக் குழாயில் கழுவிக் கழுவி ஜபருல்லாவே கரண்டிகளைக் கொண்டுவந்தார். முதலாவது, குழம்புக் கரண்டி அளவுக்கு ஆழம். வாய்க்குள் போனது, வெளியே வர யோசித்தது. இரண்டாவதுக்குப் பிடி கனம். தட்டில் வைத்ததும் குட்டிக்கரணம் போட்டுத் தரைக்குப் போனது. மூன்றாவதின் பிடியில் பூ வேலைப்பாடு. அந்தப் பூவுக்குள் ரசத்துப் பருப்பு குடியேறியது. வெல்வெட் பெட்டி ஒன்றைக் கையில் வைத்திருந்த புது ஜோடி அதைச் சத்தமில்லாமல் அலமாரியில் திருப்பி வைத்தது.

"அக்கா, வியாபாரம்லா!" ஜபருல்லா கெஞ்சினார். பிறகு ஏதோ நினைவு வந்தவராக ஏணியில் ஏறி, தூசி படிந்த அட்டைப்பெட்டி ஒன்றை இறக்கினார். "இது கேன்டீனுக்கு எடுத்த சரக்கு. அழகா இருக்காதுன்னு உள்ள போட்டுட்டேன்."

உண்மையிலேயே அழகாக இல்லை. வெறும் மொட்டைப் பிடி, அகலம், விளிம்பு வழுவழுப்பு. காந்தம் இதிலும் கொஞ்சம் ஒட்டியது. வீரம்மா அதை மன்னித்தாள். விரல்மேல் வைத்துப் பார்த்தாள்; சாயவில்லை. இடது கையால் ஒரு வாய் எடுத்தாள். சிந்தவில்லை. இன்னொரு வாய். கடைக்கு நடுவில் நின்றபடி டப்பாவைக் காலி செய்தாள். பதினோரு நாளில் தன் கையால் முழுசாகச் சாப்பிட்ட முதல் சாப்பாடு. கடைசியில் கரண்டியை முன்னும் பின்னும் நக்கினாள், எவன் பார்த்தால் என்ன என்று.

"இதுல ஆறு. முள்ளுக்கரண்டி ரெண்டு."

"கத்தி, அக்கா?"

"எங்க வீட்டுல கத்தி வெங்காயம் அரியத்தான், பாய்."

அவள் கிளம்பும்போது அந்தப் புதுப் பெண் ஓடிவந்தாள். "ஆன்டி, என் பேரு குமுதா. எங்களுக்கும் ஒண்ணு பாத்துக் குடுங்களேன்." வீரம்மா அவள் புருஷனை மேலும் கீழும் பார்த்து, "வாயக் காட்டு தம்பி," என்றாள். பையன் பயந்துபோய் உடனே திறந்தான்.

ஆறாவது வாரம் கட்டைப் பிரித்தார்கள். அடுத்த செவ்வாய்க்கிழமை ஜபருல்லாவே போன் பண்ணினார்: "புதுச் சரக்கு வந்திருக்கு, அக்கா. அடுக்குறதுக்கு முன்னால நீங்க ஒரு தடவ பாத்துட்டாத் தேவல. இல்லாட்டி அப்புறம் வந்து கூட்டத்துக்கு முன்னால மானத்த வாங்குவீங்க."

வீரம்மா சேலை மாற்றினாள். பரமேஸ்வரன் வரவில்லை என்று திட்டவட்டமாகச் சொல்லிவிட்டார். அன்று பதினாலு மாதிரியில் பதினொன்றை அவள் கழித்துக்கட்டினாள். ஜபருல்லா டீ வாங்கிக் கொடுத்தார். சர்க்கரை ஜாஸ்தி என்று அதையும் திருப்பி அனுப்பினாள்.