கால் பட்ட மரம்

எங்கள் பக்கத்தில் மரவேலை செய்கிறவன் தரையில்தான் உட்காருவான். மரத்தை முன்னால் கிடத்தி, ஒரு காலை மடக்கி, இன்னொரு காலை நீட்டி, கால்விரல்களால் மரத்தைக் கவ்விக்கொண்டு இழைப்பான். திருகினால் இறுகுகிற இரும்பு வைஸ் எல்லாம் தொழிற்பேட்டைக்காரர்களுக்கு. எங்களுக்குக் கால் கட்டைவிரல்தான் வைஸ். முப்பது வருடத்துக்கு மேல் நான் அப்படித்தான் செய்தேன். திருத்தணியில் மலையைச் சுற்றி இருக்கிற தெருக்களில் நான் செய்த வாசக்கால் இல்லாத தெரு என்று ஒன்றைக் காட்டினால், அது நேற்று போட்ட தெருவாக இருக்கும். பெருமைக்காகத்தான் சொல்கிறேன். வேறு எதற்குச் சொல்வார்கள்?

சில வருடங்களுக்கு முன்னால் இடது பாதத்தில் உளி பட்டது. சின்னக் காயம்தான். ஆனால் சர்க்கரை இருக்கிற உடம்பு, காயம் ஆறவில்லை. முதலில் விரலை எடுத்தார்கள், அப்புறம் பாதத்தை எடுத்தார்கள், கடைசியில் முழங்காலுக்குக் கீழே இருந்த எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, இனிமேல் பயமில்லை என்றார்கள். பயப்படுவதற்கு அங்கே ஒன்றும் மிச்சமில்லை என்பதால் நானும் சரி என்றேன். செயற்கைக் கால் ஒன்று மாட்டிவிட்டார்கள். டாக்டர் இரண்டு விஷயம் சொன்னார். தரையில் உட்கார்ந்து எழுந்திருக்கக் கூடாது. மிச்சமிருக்கிற வலது காலில் ஒரு கீறல்கூட விழக் கூடாது. மரவேலை செய்கிறவனிடம் இந்த இரண்டையும் சொல்வதும், வேலையை விட்டுவிடு என்று சொல்வதும் ஒன்றுதான்.

அப்படித்தான் எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். பார்க்க வந்த சொந்தக்காரர்கள் ஆளுக்கு ஒரு சீப்பு வாழைப்பழமும் ஆளுக்கு ஒரு வேலையும் கொண்டுவந்தார்கள். சர்க்கரைக்காரனுக்கு எதற்கு வாழைப்பழம் என்று யாரும் யோசிக்கவில்லை. ஒருவர் பொதட்டூர்பேட்டையில் தறிக்கூடத்துக்கு வாட்ச்மேனாகச் சேர்த்துவிடுகிறேன் என்றார். நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் போதுமாம். இன்னொருவர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு பெட்டிக்கடைக்கு இடம் பார்த்துவிட்டே வந்திருந்தார். எனக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறியது. போனது ஒரு கால். கை இரண்டும் அப்படியே இருந்தது. அந்தக் கைகளை யாருமே பார்க்கவில்லை.

எனக்கு வேண்டியது நின்றுகொண்டு மரம் இழைக்க ஒரு பெஞ்ச். உட்காருகிற பெஞ்ச் இல்லை, இடுப்பு உயரத்துக்கு நிற்கிற வேலை மேசை. சென்னைப் பட்டறைகளில் அப்படி நின்று வேலை செய்கிறவர்களைப் பார்த்து நாங்கள் சிரித்திருக்கிறோம், துரை மாதிரி நிற்கிறான் பார் என்று. இப்போது துரையாக என்னுடைய முறை.

என் மனைவியின் தம்பி அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறான். தினமும் மின்சார ரயிலில் போய் வருகிறவன். போகும்போதும் வரும்போதும் போனைப் பார்த்து எதையாவது ஆர்டர் போடுவது அவன் வழக்கம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரிய அட்டைப்பெட்டி ஒன்றைத் தோளில் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தான்.

"பாவா, நின்னுகினே வேலை செய்யலாம் பாவா. மடக்கி வெச்சிக்கலாம், வேணும்னா விரிச்சிக்கலாம். ஒண்ணும் கவலைப்படாதீங்க."

நல்ல பையன். என் மேல் உயிர். என் வேலைக் கொட்டகையில் அதை விரித்து வைத்தோம். மேலே மூங்கில் பலகை, கீழே ஒல்லி ஒல்லியாக இரும்புக் கால்கள். ஒரு வேப்பஞ்சட்டத்தை அதில் பூட்டி இழைப்புளியைத் தள்ளினேன். சட்டம் இழைபடவில்லை, பெஞ்ச்தான் முன்னால் போனது. மறுபடி தள்ளினேன், மறுபடி போனது. நான்கைந்து தடவை தள்ளியதில் கொட்டகை வாசலுக்கே வந்துவிட்டோம்.

"கால் போனவனுக்கு நடக்கிற பெஞ்சா பார்த்து வாங்கினு வந்திருக்கியே" என்றேன்.

அவன் முகம் சுருங்கிவிட்டது. என் மனைவி அம்மிக்கல்லைத் தூக்கிக்கொண்டு வந்து பெஞ்சின் கீழ்ச்சட்டத்தில் வைத்தாள், பாரம் இருந்தால் நகராது என்று. நகரவில்லைதான். கீழ்ச்சட்டம் வளைந்துவிட்டது.

"இதைவிட கனமா இருக்குது பாவா. ஜெர்மன் மாடலு. திருப்பி அனுப்பிட்டு அதைப் போடறேன்."

"ஒண்ணும் போடாத. நானே செஞ்சிக்கறேன்."

"எதுக்குங்க இந்தப் பிடிவாதம்?" என்றாள் மனைவி. "வாங்கினா நாளைக்கே வேலைய ஆரம்பிக்கலாம். செய்யறதுன்னா எத்தினி மாசமோ."

அவள் சொன்னதில் தப்பில்லை. பெஞ்ச் வேண்டும் என்கிறவர்கள் வாங்கத்தான் வேண்டும். கடையில் நல்ல பெஞ்சும் இருக்கிறது. ஆனால் எனக்கு வேண்டியிருந்தது பெஞ்ச் மட்டும் இல்லை. என்னால் இன்னும் ஒரு பொருளை அடியிலிருந்து முடிவு வரை செய்ய முடியுமா என்று எனக்கே தெரியவில்லை. வாங்கி வைத்த பெஞ்ச் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாது. முடியாது என்றால் முடியாது என்பதையும் நானே பார்த்துத் தெரிந்துகொள்கிறேன், வாட்ச்மேன் நாற்காலி எங்கேயும் ஓடிவிடாது என்று முடிவு செய்தேன்.

அப்புறம்தான் சிக்கல் புரிந்தது. நின்று வேலை செய்ய ஒரு பெஞ்ச் வேண்டும். அந்தப் பெஞ்சைச் செய்வதற்கும் நின்றுதான் வேலை செய்ய வேண்டும். அதற்கு ஒரு பெஞ்ச் வேண்டும். கொட்டகைக்கும் கிணற்றடிக்கும் நடுவில் இரண்டு நாள் இதையே யோசித்துக்கொண்டு நின்றேன். கிணற்றடியில் மனைவி துணி துவைத்துக்கொண்டிருந்தாள். துவைக்கிற கல்லுக்கு இடுப்பு உயரம். நான்கு பேர் சேர்ந்தாலும் அசைக்க முடியாத கல்.

"கல்ல கொஞ்சம் குடு" என்றேன்.

"துணிய எங்க தோய்க்கிறது, உங்க தலையிலயா?"

கடைசியில் காலை வெயில் ஏறும் வரை கல் அவளுக்கு, அதற்குப் பிறகு எனக்கு என்று ஏற்பாடானது. அவள் கொஞ்சம் தாமதித்தால் நான் முணுமுணுப்பேன். நான் தூளைக் கழுவாமல் விட்டால் மறுநாள் என் சட்டை முழுக்க வேப்பஞ்செதில் ஒட்டிக்கொண்டு வரும். அதை அவள் உதறாமல் அப்படியே மடித்து வைப்பாள். முதுகு அரிக்கும்போதெல்லாம் யார் கோபம் என்று தெரியும்.

மேல்பலகைக்கு மரம் வெளியே தேட வேண்டியிருக்கவில்லை. கனகம்மாசத்திரம் பக்கம் ரோட்டோரத்துப் புளியமரத்தை வெட்டியபோது வாங்கிய கனத்த பலகை ஒன்று கொட்டகைக்குப் பின்னால் பல வருடமாகக் கிடந்தது. புளியில் இந்த ஊரில் யாரும் வாசலோ கட்டிலோ செய்யச் சொல்ல மாட்டார்கள், பேய் குடியிருக்கும் மரம் என்று. கறிக்கடைக்காரர் மட்டும் வெட்டுகிற கட்டைக்கு வாங்குவார். யாருக்கும் வேண்டாத மரம் எனக்குப் பிடித்திருந்தது. கால்களுக்கு, இடித்த ஓட்டு வீட்டிலிருந்து வந்த வேப்ப உத்தரம்.

ஆனால் உயரத்தில் கோட்டைவிட்டேன். வாழ்நாள் முழுக்கத் தரையில் உட்கார்ந்தவனுக்கு, நிற்கிறவன் எந்த உயரத்தில் வேலை செய்வான் என்று எப்படித் தெரியும்? மார்க்கெட்டுக்குப் போய், தையல்காரர் துணி வெட்டுகிற மேசையை அளந்து வந்து கால்களை வெட்டினேன். தரையில் நிறுத்திப் பார்த்தபோது அழகாகத்தான் இருந்தது. ஒப்புக்கு ஒரு சின்னப் பலகையை ஏற்றி இழைப்புளியை வைத்ததும் தெரிந்தது, தோள்பட்டை காது வரைக்கும் ஏறுகிறது. கத்தரிக்கோல் பிடிக்கிறவனுக்குச் சரி. உடம்பின் பாரத்தைப் போட்டுத் தள்ளுகிறவனுக்கு ஆகாது.

மனைவி சமையற்கட்டிலிருந்து எட்டிப் பார்த்தாள். "சப்பாத்தி மாவ யாராவது தோள் உயரத்துல வெச்சி பிசைவாங்களா? இங்க வந்து பாருங்க."

போய்ப் பார்த்தேன். சமையல் மேடைமேல் தாம்பாளத்தில் மாவு. கையை நேராக விட்டு, முதுகைச் சற்றுச் சாய்த்து, இடுப்பிலிருந்து அழுத்தினாள். இழைப்புளியைத் தள்ளுவதற்கும் அதே அழுத்தம்தான். என் உயரத்துக்குக் கணக்குப் போட்டு, கால்களை மறுபடி அறுத்தேன். ரொம்ப நாளைக்கு அதைச் சொல்லிச் சொல்லிக் காட்டினாள்.

கால்களின் தலையில் நாக்கு வெட்டி, பலகையில் துளை போட்டு, ஆப்பு அடித்து இறுக்க மழைக்காலம் முழுவதும் ஆனது. ஒரு மணி நேரம் நின்றால் செயற்கைக் கால் மாட்டுகிற இடம் எரியும். உட்காருவேன், மறுபடி நிற்பேன். அழுதிருக்கிறேன், அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் உளியைக் கீழே வைத்துவிட்டு அழவில்லை. கால்விரல்கள் செய்த வேலைக்கு மேல்பலகையில் வரிசையாகத் துளை போட்டு, மரமுளைகள் செருகினேன். முளைக்கும் முளைக்கும் நடுவில் மரத்தை வைத்து ஆப்பைத் தட்டினால் போதும், அசையாது. பலகையைக் கால்கள்மேல் ஏற்றுகிற அன்றைக்கு மச்சினன் லீவு போட்டுவிட்டு வந்தான். ஆட்டோ ஸ்டாண்டிலிருந்து இரண்டு பேரையும் கூட்டி வந்திருந்தான். பலகை உட்கார்ந்ததும் பெஞ்சில் தோளைக் கொடுத்துத் தள்ளிப் பார்த்தான். முகம் சிவந்ததுதான் மிச்சம்.

"ஆங், இது நடக்காது பாவா" என்றான்.

அதில் முதலில் செய்தது பக்கத்துத் தெருவுக்கு ஒரு கதவு. வாங்க வந்தவர் கதவை நான்கு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். குறை தேடுகிறார் என்று தெரிந்தது. கிடைக்கவில்லை. அன்றைக்கு நான் சாப்பிட்ட சாப்பாட்டுக்கு ருசியே வேறு.

வேலை மெதுவாக வர ஆரம்பித்தது. வாங்கித் தந்த பெஞ்ச் வீணாகிவிட்டதே என்று மச்சினனுக்கு ஒரு உறுத்தல் இருந்திருக்க வேண்டும். எனக்கு வேலை பிடித்துத் தருவதை அவனே எடுத்துக்கொண்டான். ரயிலில், டீக்கடையில், எங்கே போனாலும் என் பேச்சுதான். அந்தப் பேச்சில் எப்போது இந்தச் சங்கதி சேர்ந்தது என்று தெரியாது. "எங்க பாவா மரத்துல காலே வெக்கறதில்ல. எல்லாம் சுத்தமா பெஞ்சு மேலதான்." அவன் நல்லதற்குத்தான் சொன்னான்.

ஆடிக் கிருத்திகைக்கு முன்னால் பொதட்டூர்பேட்டையிலிருந்து ஒருவர் வந்தார். தறி வைத்திருக்கிற குடும்பம், வெள்ளை வேட்டி. தட்டில் வெற்றிலை, பாக்கு, மஞ்சள், பூ எல்லாம் வைத்துக் கொண்டுவந்திருந்தார். அவர் மகனுக்கு வேண்டுதல். புதுக் காவடி ஒன்று செய்ய வேண்டும்.

"எல்லாரும் கால்ல மிதிச்சுகினுதான் மேஸ்திரி செய்யறாங்க. சாமிக்குப் போற பொருளு, எனக்கு மனசு ஒப்பல. உங்ககிட்ட கால் படாதுன்னு சொன்னாங்க" என்றார். அதோடு விட்டிருக்கலாம். பெஞ்சைத் தடவிப் பார்த்துவிட்டு, "அந்த முருகனே உங்க கால எடுத்துகினு இந்த வழிய காட்டியிருக்கான் பாருங்க" என்றார்.

வாசலில் நின்ற என் மனைவி தலையை ஆட்டினாள், சரி என்று சொல்லுங்கள் என்பதுபோல. அவர் ஒன்று கொடுத்தால் அவர் தெருவே கொடுக்கும். எனக்கும் தெரியும். ஆனால் உள்ளே ஏதோ அறுந்துவிட்டது. முப்பது வருடம் நான் செய்த வேலையை அழுக்கு என்கிறார். என் கால் போனதை நல்லதாயிற்று என்கிறார். இரண்டையும் தட்டில் பூவோடு வைத்துக் கொடுக்கிறார்.

பெஞ்ச் மேல் ஏறி உட்கார்ந்தேன். ஏறுவது சுலபமில்லை, ஆனாலும் ஏறினேன். பக்கத்தில் கிடந்த வேப்பஞ்சட்டத்தை இழுத்து, வேட்டியை ஒதுக்கி, வலது கால் விரல்களால் அதைக் கவ்விப் பிடித்து, உளியை வைத்துக் கொட்டாப்புளியால் ஒரு போடு போட்டேன். செதில் அவர் காலடியில் போய் விழுந்தது.

"இப்பிடித்தான் செய்வேன். வேணும்னா சொல்லுங்க."

"இன்னா மேஸ்திரி... சாமி காரியம்..."

"அந்தக் காவடிய தூக்கினு மலைக்கு எதால நடந்து போவீங்க? கையாலயா?"

அவர் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மனைவி நான் இறங்குவதற்குக் கை கொடுத்தாள், முக்காலியில் உட்காரவைத்தாள், போன் லைட்டைப் போட்டு என் வலது கால் விரல் இடுக்குகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தாள். கீறல் இல்லை என்று தெரிந்த பிறகுதான் திட்ட ஆரம்பித்தாள். வீடு தேடி வந்த வேலையைத் துரத்திவிட்டேன் என்று சாயங்காலம் வரை திட்டினாள். அவள் திட்டுவதற்கு நியாயம் இருந்தது. எனக்கும் இருந்தது.

மச்சினனுக்குச் செய்தி போய், ரயிலிலிருந்தே போன் செய்தான்.

"நல்லதுக்குத்தான சொன்னேன் பாவா?"

"தெரியும். இனிமே சொல்லாத."

"அப்போ இன்னா சொல்லட்டும்?"

"எங்க பாவா மரவேலை செய்யறாருன்னு சொல்லு. போதும்."

அந்த ஆடியில் எனக்குக் காவடி வேலை ஒன்றுகூட வரவில்லை. பொதட்டூர்பேட்டைக்காரர் போகிற இடமெல்லாம் சொல்லியிருக்கிறார், வேண்டுமென்றே மரத்தில் காலை வைக்கிறான், திமிர் பிடித்தவன் என்று. திமிர்தான். கால் வைத்த மரம் தங்கள் வீட்டுக்கு வேண்டாம் என்று மார்க்கெட் பக்கத்துக்காரர்கள் சிலரும் பேசிக்கொள்கிறார்களாம். தாராளமாகப் பேசட்டும். அவர்கள் மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, தினமும் தாண்டிப் போகிற வாசக்காலெல்லாம் நான் இரண்டு காலாலும் மிதித்துச் செய்தவை. வேண்டாம் என்றால் ஜன்னல் வழியாக ஏறிக் குதித்துப் போகட்டும். முக்கால்வாசி வீட்டில் அந்த ஜன்னலும் நான் செய்ததுதான்.