அப்பாவின் பேச்சுத் தேர்வு

அப்பாவுக்கு வேலை செய்யும் இடத்தில் ‘ரேடியோ’ என்று பட்டப்பெயர். ஓயாமல் பேசுவதால் வந்ததல்ல. பேசவே மாட்டார் என்பதால் வைத்த கிண்டல்.

கட்டுமானத் தளத்தில் கிரேனுக்கு சிக்னல் கொடுப்பது அவர் வேலை. கிரேன் ஓட்டுபவர் உயரத்தில் ஒரு கூண்டுக்குள் இருப்பார். சுமை எங்கே இறங்குகிறது என்று அவருக்குத் தெரியாது. வாக்கி டாக்கியில் வரும் அப்பாவின் குரல்தான் அவருக்குக் கண். இறக்கு, மெதுவா, நிறுத்து. நாள் முழுக்க இவ்வளவுதான் பேச்சு. தேவையில்லாமல் ஒரு சொல் கூடினால் யாருடைய காலாவது போய்விடும்.

போன வருடம் தளம் வேறொரு நிறுவனத்தின் கைக்குப் போனது. புதிதாக வந்த கிரேன் ஓட்டுநர்களுக்கு ஆங்கிலம் மட்டுமே பொது. வாக்கி டாக்கி வைத்திருப்பவர்கள் எல்லாரும் ஆங்கிலப் பேச்சுத் தேர்வில் தேற வேண்டும், இரண்டு வாய்ப்புதான் என்று உத்தரவு வந்தது. தேறாதவர்கள் யார்டுக்குப் போக வேண்டும். கழற்றிய சாரக் குழாய்களையும் பலகைகளையும் தூக்கி, ரகம் பிரித்து அடுக்கும் இடம் அது.

அப்பா இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர். கனம் தூக்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். சிக்னல் வேலையில் கை தூக்கினால் போதும். யார்டில் இரும்பைத் தூக்க வேண்டும். எங்கள் மூன்று பேருக்கும் கணக்கு புரிந்தது.

“வேலைய விட்டுடுங்கப்பா,” என்றேன்.

“விட்டுட்டு? வீட்டுல உங்கம்மா சிக்னலுக்கு ஆடிட்டுக் கெடக்கவா?”

“இப்ப மட்டும் என்னவாம்?” என்றாள் அம்மா.

நான் கருவிகளைப் பழுது பார்க்கும் பொறியாளர். தேர்வையும் ஒரு கருவியைப் போலப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே போவது பேச்சு, வெளியே வருவது எண். ஓர் அறை. இரண்டு தேர்வாளர்கள். ஒருவர் கேள்வி கேட்பார். மற்றவர் மூலையில் உட்கார்ந்து மதிப்பெண் மட்டும் போடுவார். அவர் வாயே திறக்க மாட்டார். தேர்வுக்கு வருபவர்களை இரண்டிரண்டு பேராக உள்ளே விடுவார்கள். முதலில் தன்னைப் பற்றிப் பேச வேண்டும். அடுத்து ஒரு படத்தைப் பார்த்து விடாமல் பேச வேண்டும். கடைசியில் இரண்டு பேரும் ஒருவரோடு ஒருவர் பேசி ஒரு முடிவுக்கு வர வேண்டும். அந்தப் பகுதியில் தேர்வாளர் உதவவே மாட்டார்.

முதல் முறை அப்பா தேறவில்லை. முதல் பகுதியிலேயே மதிப்பெண் அடிமட்டம். எனக்கு நம்ப முடியவில்லை. வீட்டில் அவர் நன்றாகத்தான் சொன்னார். சமையலறை மேசையில் உட்காரவைத்து, அன்றைக்கு நடந்ததை அப்படியே செய்து காட்டச் சொன்னேன். நான் தேர்வாளர்.

உங்கள் வேலை என்ன என்று கேட்டேன்.

“ஐ சிக்னல் கிரேன்.”

இன்னும் கொஞ்சம் சொல்லுங்கள் என்றேன்.

“ஐ சிக்னல் கிரேன்.”

அதே வேகம், அதே ஏற்ற இறக்கம்.

“ஏம்பா சொன்னதையே சொல்றீங்க?”

“திரும்பக் கேட்டா என்ன அர்த்தம்? அந்தப் பக்கம் போய்ச் சேரல. சேரலன்னா அதையேதான் திரும்பச் சொல்லணும். மாத்திச் சொன்னா மேல இருக்கிறவன் குழம்பிடுவான்.”

“எத்தன தடவ சொன்னீங்க?”

“அந்தம்மா கேட்டுகிட்டே இருந்தாங்க. பாவம், காது மந்தம்போலன்னு கடைசியா கொஞ்சம் சத்தமா சொன்னேன்.”

காய் நறுக்கிக்கொண்டிருந்த அம்மா கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். “நல்ல மனுஷன்! பரீட்சை வைக்க வந்தவ காதுல கத்திட்டு வந்திருக்காரு.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பழுது எங்கே என்று தெரிந்துவிட்டது. சரிசெய்ய ஒரு மாதம் இருந்தது.

அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. ‘டெல் மீ மோர்’ என்ற மூன்று சொல்லை மட்டும் சொல்லிக்கொடுத்தேன். துணி காயப்போடும்போதும், துண்டை நீட்டும்போதும், கதவைத் தாழிடும்போதும் அதைச் சொல்லுவாள். அப்பா புதிதாக ஒரு வாக்கியம் சேர்க்க வேண்டும். முதல் வாரம் திணறினார். பிறகு சேர்த்தார். காற்று அடித்தால் சுமை சுழலும் என்றார். மழையில் கயிறு வழுக்கும் என்றார். தன் முதல் கிரேன் மஞ்சள் நிறம் என்றார்.

“கல்யாணம் ஆனதுலேர்ந்து என்கிட்ட இவ்வளவு பேசினதில்ல,” என்றாள் அம்மா. “ஒரு எழவும் புரியல. ஆனா நல்லாத்தான் இருக்கு.”

“பேச ஒண்ணும் தோணலன்னா பொய் சொல்லுங்கப்பா. அவங்க சரிபார்க்க மாட்டாங்க. நிறுத்தாமப் பேசுறீங்களான்னுதான் பார்ப்பாங்க.”

“அப்ப என்னத்த டெஸ்ட் பண்றாங்க?”

“பாஸ் பண்ணுங்கப்பா, அது போதும்,” என்றேன். கெஞ்சினேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

இரண்டாவது தேர்வன்று நான் வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலியில் காத்திருந்தேன். அப்பாவோடு சோடியாக உள்ளே போனவள் என் வயதுப் பெண். முதியோர் இல்லத்தில் உதவியாளர் வேலைக்கு முயற்சி செய்கிறாள். அதற்கும் இதே தேர்வுதான். போகும்போது முகம் வெளுத்திருந்தது. வரும்போது அழுதுகொண்டே சிரித்தாள். அப்பாவின் கையைப் பிடித்து, “ரொம்ப நன்றிங்க மாமா,” என்றாள்.

உள்ளே என்ன நடந்தது என்று பேருந்தில் கேட்டேன். அப்பா ஒவ்வொரு சொல்லாகத்தான் தந்தார். முதல் இரண்டு பகுதிகளும் நன்றாகப் போயிருந்தன. மூன்றாவதில், ஊருக்கு ஒரு பூங்காவில் என்னென்ன வேண்டும் என்று இரண்டு பேரும் பேசி முடிவு செய்ய வேண்டும். அந்தப் பெண் ஆரம்பித்தாள். பாதி வாக்கியத்தில் நின்றுபோனாள். உதடு நடுங்கியது. தேர்வாளர்கள் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

“நீங்க என்ன பண்ணீங்க?”

“மரம் பிடிக்குமான்னு கேட்டேன். ஆமான்னா. ஏன்னு கேட்டேன். ஸ்லோ, ஸ்லோன்னேன். பேசினா. நிக்கும்போதெல்லாம் ஒரு வார்த்த கொடுத்தேன். கடைசியில நல்லாவே பேசிட்டாம்மா.”

“நீங்க உங்க கருத்தச் சொன்னீங்களா?”

“அவ அந்தரத்துல தொங்கிட்டு இருக்கா. அதுல நான் எங்க போய்க் கருத்து சொல்றது?”

“உங்க மார்க்குப்பா!”

“சுமை இறங்கினாத்தானே மத்தது,” என்றார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இறங்கும் இடத்தில் மட்டும் மெல்லச் சொன்னார்: “அம்மாகிட்ட இப்ப சொல்லாத.”

முடிவு வந்தது. மிகக் குறைந்த வித்தியாசத்தில் தேறவில்லை. மறுமதிப்பீடு கேட்டு எழுதினேன். தேர்வு அறையில் எல்லாவற்றையும் ஒலிப்பதிவு செய்வார்கள். அதைத் திரும்பக் கேட்டுவிட்டுப் பதில் அனுப்பினார்கள்: மூன்றாம் பகுதியில் மதிப்பிடப் போதுமான பேச்சு இல்லை.

தளத்தின் மேற்பார்வையாளருக்கு போன் செய்தேன். டாக்டர் சீட்டு அனுப்புகிறேன், யார்டுக்கு மட்டும் அனுப்பாதீர்கள் என்றேன். “லைட்டான வேலைதாங்க கொடுப்போம். ஆனா ரூல் ரூல்தான். நீங்க படிச்சவங்க, உங்களுக்குத் தெரியாதா?” என்றார்.

அப்பாவிடமிருந்து வாக்கி டாக்கியை வாங்கி வைத்துக்கொண்டார்கள். அப்பா யார்டுக்குப் போனார். மாலையில் வரும்போது தோள் இறங்கியிருக்கும். கேட்டால், “லைட்டுதான்,” என்பார். அம்மா தைலத்தை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்காருவாள்.

ஒரு மதியம் குழாய் அடுக்குகளுக்குப் பின்னால் விழுந்தார். யார்டில் தனியாகத்தான் வேலை. தளத்தின் சத்தத்தில் கூப்பிட்டிருந்தாலும் யாருக்கும் கேட்டிருக்காது. வேலை முடிந்து எல்லாரும் கிளம்பும்போதுதான் அவரைக் காணோம் என்று தேடினார்கள். சீக்கிரம் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று டாக்டரிடம் கேட்டேன். பிழைத்திருக்கலாம் என்றார். எத்தனை சதவீதம் என்று கேட்டேன். அவர் என்னை உட்காரச் சொன்னார்.

சாவுக்கு வந்தவர்கள் எல்லாரும் போன பிறகு, தேர்வில் அப்பாவோடு இருந்த அந்தப் பெண் வந்தாள். அப்பாவுக்கு நன்றி சொல்லத் தளத்துக்குப் போனவளிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவளுக்கு வேலை கிடைத்துவிட்டதாம். அதைச் சொல்லவே கூசினாள். அம்மா அவளைப் பக்கத்தில் உட்காரவைத்தாள். என்னால் அடக்க முடியவில்லை.

“அவருக்கு ஒரு நிமிஷம் விட்டிருக்கலாமே? அவரும் நாலு வார்த்த பேசியிருப்பாரே?”

அவள் தலை குனிந்தபடியே சொன்னாள். “விட்டேங்கக்கா. ரெண்டு தடவ நிறுத்தி, நீங்க பேசுங்கன்னேன். அப்ப மட்டும் அவரு வாயத் திறக்கல. நீ பேசு, பேசுன்னு கைதான் காட்டினாரு.”

ஒலிப்பதிவில் கை வராது.

அம்மா அவளுக்குத் தண்ணீர் கொண்டுவர எழுந்தாள். நான் அதற்குள் வெளியே போய்விட்டேன்.