டெல்பர்ட்டின் கத்தரிக்கோல்

மஸ்கோகி ஊரில் பள்ளிப் பேருந்துகளுக்கு எஞ்சின் பார்க்கும் டெல்பர்ட் எதையும் சும்மா இருக்க விடமாட்டான். அவன் மனைவி வாண்டா அடுப்புப் பெட்டிக்குள் கேக் வைத்தால், அது உப்புவதற்குள் நாலு தடவை கதவைத் திறந்து பார்த்தே அமுங்க வைத்துவிடுவான். இப்பேர்ப்பட்ட ஆள் பாம்பு வளர்த்துக் குஞ்சு எடுக்கக் கிளம்பினால் அந்தப் பாம்புகளுக்கு எவ்வளவு பொறுமை வேண்டும், நீங்களே சொல்லுங்கள்.

பயம் வந்தால் பந்தாகச் சுருண்டுகொள்ளும் சின்ன மலைப்பாம்புகள் அவை. ஜோடி இரண்டுமே பழுப்பு. ஆனால் ரத்தத்தில் வெள்ளை ஒளிந்திருக்கிறது, குஞ்சுகளில் ஒன்றாவது வெள்ளைத் திட்டோடு பிறக்கலாம் என்று சொல்லித்தான் விற்றிருந்தார் பாம்புக்கார ராய்ஸ். டல்சாவில் நடக்கும் பாம்புக் கண்காட்சியில் அப்படி ஒரு குஞ்சைத் தன் மேஜையில் வைத்துவிட வேண்டும். டெல்பர்ட்டுக்கு அது ஒன்றுதான் ஆசை. அந்த ஆசை அவனைச் சாப்பிடவும் விடவில்லை, உட்காரவும் விடவில்லை.

பெண் பாம்பு இட்ட முட்டைகளை இன்குபேட்டர் என்கிற சூட்டுப் பெட்டியில் வைத்திருந்தான். ஒருநாள் மதியம் அதைத் திறந்தால் முட்டைகளெல்லாம் குழி விழுந்து கிடந்தன. உடனே ராய்ஸுக்குப் போன் போட்டான்.

"பொரியறதுக்கு முன்னாடி அப்படித்தாம்ப்பா அமுங்கும். மொதல் குஞ்சு தானா கிழிச்சுக்கிட்டு மூக்கை நீட்டட்டும். அப்புறம் வேணா மத்ததை வெட்டிப் பாரு. அதுவரைக்கும் கையைக் கட்டிக்கிட்டு உக்காரு" என்றார் அவர்.

"உள்ளயே மூச்சு முட்டிச் செத்துட்டா?"

"நீ பறக்கற பறப்புக்கு அதுங்க பயந்து சாகாம இருந்தாச் சரி."

சொன்னது அவனுக்குப் புரிந்தது. கைக்குத்தான் புரியவில்லை. வாண்டா கடைக்குப் போன நேரம் பார்த்து, சின்னக் கத்தரிக்கோலால் ஒரே ஒரு முட்டையின் ஓடுபோன்ற மெல்லிய தோலைக் கீறினான். உள்ளே குஞ்சு உயிரோடுதான் இருந்தது. அதுவும் வெள்ளை வெளேரென்று, கழுத்தில் மட்டும் கொஞ்சம் பழுப்போடு! டெல்பர்ட் சந்தோஷத்தில் கத்தியே விட்டான். அப்புறம்தான் கத்தரிக்கோல் நுனியில் ரத்தத்தைப் பார்த்தான். தோலை ஒட்டி ஓடிய ரத்தக் குழாய் அறுந்திருந்தது. விரலால் எவ்வளவு அமுக்கிப் பிடித்தும் ரத்தம் நிற்கவில்லை. வாண்டா திரும்பி வந்தபோது குஞ்சு அடங்கிவிட்டிருந்தது. அவன் சின்னப் பிள்ளைபோலத் தேம்பிக்கொண்டிருந்தான்.

மிச்ச முட்டைகள் அந்த வாரமே தாமாகக் கிழிந்தன. வந்ததெல்லாம் பழுப்பு. கடைசி முட்டை மட்டும் இழுத்தடித்தது. ஒரு கீறல், அதில் மூக்கு நுனி, அவ்வளவுதான். டெல்பர்ட் இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து அழுத்திக்கொண்டு அதன் எதிரிலேயே உட்கார்ந்திருந்தான்.

"என்ன கலருன்னு தெரியுதா?" என்று கதவோரம் நின்று கேட்டாள் வாண்டா.

"பாக்கல. மூச்சு விடுது, வாண்டா."