கதவு, முப்பத்தொன்று, மூன்று கால்

டோல்கேட்டில் பஸ்ஸுக்கு நின்றிருந்தபோது கிரேன் ஓட்டும் செல்வம் போன் செய்தான். "நைனா, கம்ப்யூட்டர் ஷகிலாம்மா பூட்டாங்க. காலைல நெஞ்சு வலியாம்." பஸ் வந்தது; நான் ஏறவில்லை.

கன்டெய்னர் யார்டில் அவரோடு வேலை பார்த்த உங்களுக்காக இதைச் சொல்கிறேன், மருமகள் எழுதுகிறாள். எனக்கு எண்கள் தெரியும், எழுத்து தெரியாது. அதை உங்கள் எல்லோரிடமும் மறைத்தேன். ராயபுரத்து ஷகிலாம்மாவுக்கு மட்டும் தெரியும்.

கேட்டில் என் வேலை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். திரையில் லாரியின் வரி பச்சையாக வந்தால் தடுப்புக் கட்டையைத் தூக்க வேண்டும், சிவப்பானால் நிறுத்த வேண்டும். எனக்கு நிறமே போதும். புதுக் கம்ப்யூட்டர் வைத்த மாதம், நிறுத்த வேண்டிய லாரி பச்சையில் வந்தது. தூக்கிவிட்டேன். சூப்பர்வைசர் ஓடிவந்தார். "நிறுத்துன்னு எழுதிகீதே, படிக்கல நீ? நாளைலேர்ந்து வராத."

திரையின் புரோகிராமை எழுதிய ஷகிலாம்மா வந்தார். ஆபீஸ்காரர்கள் "ஏதோ குப்பை வருது" என்று மட்டும் சொன்னார்கள். அவர் என்னிடம் திரும்பினார்.

"இன்னா குப்பை நைனா? கண்ணு பாத்தத சொல்லு."

சாக்பீஸால் தரையில் [31m என்று வரைந்தேன். "வரிக்கு முன்னால ஒரு கதவு, முப்பத்தொண்ணு, மூணு காலு. சில வாட்டி கதவு கெடையாது, மீதி மட்டும்."

அவர் சிரித்துவிட்டார். "இத்தினி பேரு படிச்சவங்க, ஒருத்தர் கண்ணுலயும் இது படல."

'சிவப்பாக்கு' என்று திரைக்கு வரும் குறியாம் அது. திரை அதற்குக் கீழ்ப்படிய வேண்டும், காட்டக் கூடாது. சில நேரம் குறி இரண்டு துண்டாக வந்தது. திரை முதல் துண்டை மறந்து, மீதியை எழுத்தாகக் காட்டிவிட்டது. முந்தின லாரியின் பச்சை அப்படியே நின்றது.

"பாதி வந்தா கையில வச்சிகினு மீதிக்கு நிக்கணும். நம்ப திரைக்கு அந்தப் பொறுமை இல்ல நைனா."

அன்று மாலைக்குள் சரிசெய்தார். குறியை வேண்டுமென்றே ஒவ்வோர் இடத்திலும் வெட்டி அனுப்பிப் பார்த்தார். நான் நிறத்தைக் கத்தினேன். நடுவில் ஒரு நீலம் வந்தது.

"நீலம் வந்தா இன்னா பண்ணுவ?"

"டீ குடிக்கப் போவேன்."

சூப்பர்வைசரிடம், "தப்பு என் திரையில. இவரு பாத்ததாலதான் புடிச்சேன்" என்றார். நான் வரைந்ததிலேயே எனக்கு எழுத்து தெரியாது என்று கண்டுகொண்டிருந்தார்; அதைச் சொல்லவில்லை. வேலை நிலைத்தது. கிளம்பும்போது மெதுவாகச் சொன்னார்: "முப்பத்தொண்ணு எடத்துல முப்பத்திரெண்டு போட்டா பச்சை. வச்சிக்கோ."

வைத்திருக்கிறேன். நான் எழுதத் தெரிந்துகொண்டது அது மட்டும்தான். மருமகளிடம் பேனாவை வாங்கி இதன் அடியில் என் கையால் போடுகிறேன்: கதவு, முப்பத்திரண்டு, மூன்று கால். போய் வாங்க ஷகிலாம்மா, கட்டையைத் தூக்கிவிட்டேன்.