ஏழாம் நம்பர் காட்டுக் குறுக்குப் பாதை

தேயிலை நிரைக்குள் காலை வைப்பதற்கு முன்னால் தெய்வம்மா அக்கா கையிலிருக்கும் குச்சியால் செடியின் தலையில் லேசாகத் தட்டுவார். "வாரோமுங்க, கொஞ்சம் வழி விடுங்க" என்பார். பாம்புக்கும் அதே மரியாதை, பன்றிக்கும் அதே மரியாதை. பக்கத்து நிரையில் வருடக்கணக்காகக் கொழுந்து எடுத்தவள் நான். மூடுபனி இறங்கி எதிரில் ஆள் தெரியாத நாட்களில், அந்தக் குரலை வைத்துத்தான் அவர் எங்கே இருக்கிறார் என்று கண்டுபிடிப்பேன். வழி கேட்டு முடித்ததும் பாட ஆரம்பிப்பார். எல்லாம் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாடும் பாட்டுகள். சுருதி ஒரு பக்கம் போகும், அவர் ஒரு பக்கம் போவார். யாரும் குறை சொன்னதில்லை.

அவர் இலங்கையில் பிறந்தவர். சின்னப் பிள்ளையாகக் கப்பலில் வந்து, ஊட்டி அருகே குந்தா பக்கம் எங்கள் எஸ்டேட்டில் வளர்ந்தார். தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிக் கொடுத்த லைன் வீட்டை இன்னும் லயம் என்பார், காலையில் பேர் கொடுக்கும் மஸ்டரைப் பெரட்டு என்பார். ஃபேக்டரியில் வேலை பார்த்த கொர்னேலியஸ் மாமாவைக் கல்யாணம் செய்துகொண்டு ஞானஸ்நானம் பெற்றபோது, ஆயர் அவருக்கு எலிசபெத் என்று பேர் வைத்தார். அந்தப் பேர் சொல்லி ஆயரைத் தவிர யாரும் கூப்பிட்டதில்லை. ஆயர் மாற்றலாகிப் போனதும் அதுவும் நின்றுவிட்டது.

இரண்டு வருடத்துக்கு முன்னால், தென்மேற்கு மழை தொடங்கிய வாரம், ஏழாம் நம்பர் காட்டில் அது நடந்தது. எங்கள் பேச்சில் காடு என்றால் தேயிலைக் காடுதான். அன்றும் அக்கா செடியைத் தட்டினார், வழி கேட்டார், பாடிக்கொண்டுதான் போனார். தண்ணீர் ஓடும் காணுக்குள் கன்றோடு படுத்திருந்த காட்டுமாடு, கறுப்பு உடம்பும் முட்டிக்குக் கீழே வெள்ளைக் காலுமாக எழுந்து அவரைக் கொம்பால் தூக்கிப் போட்டது. விலா எலும்பும் இடுப்பெலும்பும் முறிந்தன. ஊட்டியில் முதலுதவி, பிறகு கோயம்புத்தூரில் ஆபரேஷன். வீட்டுக்கு வந்தபோது கைத்தடியோடு வந்தார். கொஞ்ச நாளில் கைத்தடியும் தேவைப்படவில்லை. ஆனால் வாசலைத் தாண்டி தண்ணீர்க் குழாய் வரைக்கும்தான் அவரால் போக முடிந்தது. அதற்கு அப்பால் தேயிலை தொடங்குகிறது. அங்கே நின்று பார்ப்பார். முகம் வேர்க்கும். குடத்தை அப்படியே வைத்துவிட்டு உள்ளே போய்விடுவார். மாமா வந்து குடத்தை எடுத்துப் போவார்.

அது எல்லாருக்குமே பயமான காலம். மழை எச்சரிக்கை வராத வாரம் இல்லை. மலைச்சரிவில் இருக்கும் லைன்களைக் காலி செய்து பள்ளிக்கூடத்தில் தங்க வைத்தார்கள். எங்கோ ஒரு வீட்டுத் திண்டில் சிறுத்தை உட்கார்ந்திருக்கும் வீடியோவை எதிர்வீட்டு ரேகா எல்லாருக்கும் அனுப்பினாள். அக்காவுக்கும் அனுப்பினாள். அக்கா அன்று பகலிலேயே ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.

எங்கள் சர்ச்சில் ஜெபம் நடத்தும் உபதேசியார் அக்கா வீட்டுக்கு வந்தார். கர்த்தர் நம்மைக் காக்கிறார் என்பதைப் பற்றி வேதப் புத்தகத்திலிருந்து ஒரு சங்கீதம் வாசித்தார். நான் காப்பி கொண்டு போய் வைத்துவிட்டுக் கதவோரம் நின்றேன்.

அக்கா கேட்டார்: "ஐயா, நான் பாடிக்கிட்டேதானே போனேன். காப்பாத்துறதா இருந்தா முட்டுறதுக்கு முன்னாடியே காப்பாத்தியிருக்கலாமே?"

உபதேசியார் வேதத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டார். "அது எனக்கும் தெரியலைம்மா" என்றார். காப்பியைக் குடித்துவிட்டுப் போனார்.

"நல்ல மனுசன். தெரியாததைத் தெரியும்னு சொல்லலை பாரு" என்றார் அக்கா. அன்றைக்குப் பிறகு அவர் மறுபடியும் ஜெபம் செய்யும் சத்தம் பக்கத்து வீட்டிலிருந்த எனக்குச் சுவர் வழியாகக் கேட்டது.

மாமா ஃபேக்டரியிலிருந்து ஓய்வு பெற்று நாளாகிவிட்டது. வீடு அக்காவின் வேலையோடு சேர்ந்தது. வீட்டிலிருந்து ஒருவராவது வேலைக்குப் போகவேண்டும். இல்லாவிட்டால் வீட்டைத் திருப்பிக் கொடுக்கவேண்டும். மெடிக்கல் லீவ் முடியப் போகிறது என்று சொல்ல, எங்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கும் வேலுமணி மேஸ்திரி வந்தபோது, அவர் அக்காவின் முகத்தைப் பார்க்காமல், சௌசௌ என்கிறார்களே, அந்த மேரக்காய்ப் பந்தலைப் பார்த்துப் பேசினார்.

"வர்ற திங்கக்கெழமை மஸ்டருக்கு வந்துருங்கக்கா. நான் ஒண்ணும் செய்ய முடியாதுங்க. ஊட்டுக்கு ஆளுங்க காத்துட்டு இருக்காங்க."

போக வேறு இடம் என்றால் திருப்பூரில் மகள் வீடுதான். ஒரே அறை, அதில் நாலு பேர். "அங்க போனா நான் நின்னுட்டுத்தான் தூங்கணும்" என்று மாமா சிரித்தார். சிரித்துவிட்டு வெளியே போய் வெகுநேரம் மேரக்காய்க் கொடியைக் கட்டிக்கொண்டிருந்தார்.

மறுநாள் மாமா ஒரு யோசனை கண்டுபிடித்தார். எவர்சில்வர் தட்டையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு, மாடு இருந்தால் விலகட்டும் என்று டண் டண் என்று தட்டியபடி முன்னால் நடந்தார். அக்கா அவருடைய ஸ்வெட்டரைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தார். லைன் முழுக்க வாசலுக்கு வந்துவிட்டது.

"மாமா, சாமி ஊர்வலமுங்களா? எங்க ஊட்டு முன்னாடியும் ஒரு நிமிசம் நின்னு போங்க!" என்றாள் ரேகா.

"ஆரத்தித் தட்டோட நில்லு, வர்றோம்" என்றார் மாமா, தட்டுவதை நிறுத்தாமல்.

குழாயைத் தாண்டினார்கள். முதல் வளைவு வரை போனார்கள். அங்கே அக்கா நின்றுவிட்டார். மாமா இன்னும் தட்டிக்கொண்டே தனியாகக் கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தால், அக்கா வீட்டுக்கே வந்து சேர்ந்திருந்தார்.

திங்கட்கிழமைக்கு முந்தின ஞாயிறு எங்கள் சர்ச்சில் அறுப்பின் பண்டிகை. அவரவர் விளைந்ததைக் கொண்டு போய்ப் பீடத்தின் முன்னால் வைப்போம், ஆராதனை முடிந்ததும் ஏலம் விடுவார்கள். சர்ச் மேல் டிவிஷனில் இருக்கிறது. ஏழாம் நம்பர் காட்டின் குறுக்குப் பாதையில் போனால் சீக்கிரம் போய்விடலாம். மாமா தோரணம் கட்ட விடிவதற்கு முன்பே போய்விட்டார். நான் கிளம்பும்போது அக்கா பட்டுச்சேலை கட்டி, ஒரு பை நிறைய மேரக்காயோடு வாசலில் நின்றார்.

"தங்கச்சி, நானும் வாரேன். நாளைக்குப் பெரட்டுக்குப் போகணும்ல. இன்னைக்கு ஒரு ஒத்திகை."

வெளியே நல்ல மூடுபனி. முதல் வளைவில் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். கை சில்லென்று இருந்தது. உதடுகள் அசைந்தன. பிறகு, "பாடவா?" என்று என்னைக் கேட்டார். நான் தலையாட்டினேன். "பாடுனா முட்டாதுன்னு இல்லை. பாடாம இருக்க முடியலை, அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு ஆரம்பித்தார். ஐந்து மாதத்துக்குப் பிறகு அந்தச் சுருதி சேராத குரலைக் கேட்டு எனக்குக் கண் கலங்கிவிட்டது.

வழியில் கொழுந்து எடை போடும் இடம் வரும். சனிக்கிழமை ரோட்டில் மண் சரிந்து லாரி வரவில்லை. எடுத்த கொழுந்தையெல்லாம் மூட்டையாக அங்கேயே அடுக்கி, கறுப்புத் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருந்தார்கள். லைனில் எல்லாருக்கும் தெரியும். பனிக்குள் அது கறுப்பாக, உயரமாகத் தெரிந்தது.

அக்கா பாட்டை நிறுத்தினார். "பாரு, லாரி இன்னும் வரலை. தார்ப்பாயை ஒழுங்கா இழுத்து மூடக்கூட இவனுகளுக்குத் தெரியலை. கொழுந்தெல்லாம் நனைஞ்சு போகும்."

நான் பார்த்தேன். தார்ப்பாய் மூச்சு விட்டது. அதன் அடியில், முட்டிக்குக் கீழே, வெள்ளையாகக் கால்கள் தெரிந்தன.

எனக்குச் சாதாரணமாகவே சட்டென்று வாய் வராது. அக்காவோ, "இரு, ஒரு முனையை இழுத்து விட்டுட்டு வாரேன்" என்று பையைக் கீழே வைக்கப் போனார். நான் அவர் முந்தானையை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன்.

"நேரமாச்சுக்கா." அந்த ஒரு சொல்தான் வந்தது.

"அதுக்கு ஏன் புள்ள சேலையக் கிழிக்கிற?" என்று கடிந்துகொண்டே என்னோடு வந்தார். கையெட்டும் தூரத்தில் அதைக் கடந்தோம். அக்கா விட்ட அடியிலிருந்து பாட்டைத் தொடர்ந்தார். சர்ச் மணி கேட்கும் வரை நான் திரும்பிப் பார்க்கவில்லை.

சர்ச் வாசலில் கரும்பும் வாழைக்குலையும் கட்டியிருந்தார்கள். உள்ளே கேரட்டும் முட்டைக்கோசும் உருளைக்கிழங்கும் குவிந்திருந்தன. அக்காவைப் பார்த்ததும் மாமா ஏணியிலிருந்து பாதி குதித்து இறங்கினார்.

"அம்மிணி! நடந்தா வந்தே?"

"நடந்துதான். ஏனுங்க, லாரி இன்னும் வரலையே? மூட்டை அங்கயே கெடக்குது."

"எந்த மூட்டை? ராத்திரியோட மண்ணை அள்ளி, விடியறப்பவே லாரி வந்து ஏத்தியாச்சே. நானே ஒரு கை புடிச்சேன். தார்ப்பாயையும் மடிச்சு லாரியில போட்டோம்."

"அப்ப அங்க கறுப்பா, பெருசா..." அக்கா மெதுவாக என் பக்கம் திரும்பினார். "தங்கச்சி?"

"காலு வெள்ளையா இருந்துச்சுக்கா" என்றேன்.

அக்கா படியில் உட்கார்ந்துவிட்டார். யாரோ தண்ணீர் கொண்டு வர ஓடினார்கள். அவர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்றுதான் முதலில் நினைத்தோம். சிரித்துக்கொண்டிருந்தார். "முனையை... இழுத்து விடப் போனேனே..." என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். வாசலில் நின்ற எல்லாரும் சேர்ந்துகொண்டோம். உபதேசியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

ஆராதனையில், கர்த்தர் தங்களுக்குச் செய்ததை எழுந்து சாட்சி சொல்லும் நேரம் வந்தபோது, எல்லாரும் அக்காவைப் பார்த்தார்கள். அவர் எழுந்தார்.

"தைரியமா வந்தேன்னு யாரும் நெனச்சுக்காதீங்க. மூட்டைன்னு நெனச்சுத்தான் வந்தேன். ஆனா இப்ப உக்காந்து யோசிச்சேன். அன்னைக்கும் பாடிக்கிட்டே போனேன், முட்டுச்சு. இன்னைக்கும் பாடிக்கிட்டே வந்தேன், முட்டலை. பாட்டு வேலி இல்லைன்னு தெரிஞ்சுபோச்சு. அன்னைக்குக் காணுக்குள்ள கெடந்தப்ப, வாயில தண்ணி, மேல மழை, யாரும் வரலை. ஆனா நான் தனியா இருக்கேன்னு மட்டும் தோணலை. அதை இத்தனை நாளா மறந்துட்டேன். முட்டுனதை மட்டும்தான் ஞாபகம் வச்சிருந்தேன். கூட இருந்தவரு ரெண்டு நாளும் கூடத்தான் இருந்திருக்காரு." அதற்கு மேல் சொல்லத் தெரியாமல், "அவ்வளவுதான்" என்று உட்கார்ந்தார்.

ஏலத்தில் அன்றைக்கு மேரக்காய்க்குத்தான் போட்டி. "காட்டுமாட்டுக்குத் தார்ப்பாய் மூடப் போன அக்கா ஊட்டு மேரக்காயுங்க! ஒரு தரம்!" என்று ஏலம் விட்டவர் கூவினார். மாமா ஒரு சேவலை ஏலத்தில் எடுத்தார்.

எல்லாம் முடிந்ததும் ஒருவர், "அக்கா, ஜீப்புல ஏறுங்க, ரோட்டு வழியா விட்டுடறேன்" என்றார். மாமா சேவலோடு ஏறுவதற்குக் காலைத் தூக்கிவிட்டார்.

"வேண்டாம் தம்பி" என்றார் அக்கா. "மூட்டைன்னு நெனச்சு வந்தது கணக்குல வராது. மாடுன்னு தெரிஞ்சே போனாத்தான் நாளைக்கு வேலைக்குப் போவேன்."

நாங்கள் மூன்று பேரும் நடந்தோம். பனி விலகி வெயில் வந்திருந்தது. எடை போடும் இடத்துக்குச் சற்றுக் கீழே, செடிகளுக்கு நடுவில் அது நின்றது. பக்கத்தில் ஒரு கன்று. மாமா நின்றுவிட்டார். "அம்மிணி, ஜீப்பு இன்னும் போயிருக்காது" என்றார். சேவல் கத்தியது.

"மொதல்ல அதோட வாயைப் பொத்துங்க" என்றார் அக்கா. "ஓடக் கூடாது, கத்தக் கூடாது. அது போற வரைக்கும் நிப்போம். நமக்கென்ன அவசரம்?"

நின்றோம். அக்கா கண்ணைத் திறந்துகொண்டே ஜெபம் செய்தார். காட்டுமாடு எங்களை வெகுநேரம் பார்த்தது. பிறகு கன்றை முன்னால் விட்டு ஓடைப் பக்கம் இறங்கிப் போனது. அது நன்றாகத் தூரம் போனபிறகு அக்கா நடக்கத் தொடங்கினார்.

"கால் ரெண்டும் நடுங்குது பாரு தங்கச்சி" என்றார். "நடுங்கிக்கிட்டே நடக்குது பாரு, அதான் ஆச்சரியம்." மாமா சேவலின் வாயிலிருந்து கையை எடுத்தார். வீடு வரும்வரை அது கத்திக்கொண்டே வந்தது.

திங்கட்கிழமை மஸ்டரில் அக்காவின் பேரைப் படித்துவிட்டு வேலுமணி மேஸ்திரி நிமிர்ந்தார். "வந்துட்டேன் மேஸ்திரி" என்ற குரல் முன்வரிசையிலிருந்து கேட்டது.

"கொஞ்ச நாளைக்கு ரோட்டோரக் காட்டுல போடட்டுங்களாக்கா?"

"போடு ராசா. நான் என்ன வேண்டாம்னா சொன்னேன்?" என்றார் அக்கா. எல்லாரும் சிரித்தார்கள்.

இப்போது தெய்வம்மா அக்கா எல்லாக் காட்டுக்கும் போகிறார், ஏழாம் நம்பருக்கும். மழை நாளில் இடுப்பு வலிக்கிறது. பனி அதிகமான காலையில் பயம் வருகிறது என்று அவரே சொல்கிறார். அவருக்கு ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலம் இருக்கிறது. வீடு அவர்களிடமே இருக்கிறது.