டெலிவரி ஆயிருச்சா?

உள்ளே குழந்தை வீறிட்டது. உடனே பிரசவ அறைக் கதவு தட்டப்பட்டது. வெளியே, பிள்ளை பெற்ற பாத்திமாவின் மாமியார்.

"சிஸ்டர், டெலிவரி ஆயிருச்சா?"

"இன்னும் இல்லம்மா. இருங்க."

"புள்ள அழுகுற சத்தம் கேக்குதே. மகன் சவூதியில இருந்து லைன்ல இருக்கான்."

"இருக்கட்டும். நானே வந்து சொல்றேன்."

இராமேஸ்வரத்தில் நான் நர்ஸாக இருந்த வார்டில் ஒரு வழக்கம் உண்டு. நஞ்சுக்கொடி விழுந்து, கருப்பை இறுகி, ரத்தம் நின்ற பிறகுதான் 'டெலிவரி ஆச்சு' என்போம். முன்பே சொன்னால் கல்கண்டு டப்பாவோடு கூட்டம் கூடிவிடும். எல்லோர் கண்ணும் குழந்தைமேல். பெற்றவளை ஒருவரும் கேட்கமாட்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அன்று நஞ்சு விழுந்துவிட்டது. ஆனால் வயிற்றில் கை வைத்தால் கருப்பை தொளதொளவென்று இருந்தது. விரிப்பு நனைந்துகொண்டே போனது. டாக்டர் ஓடிவந்தார். கருப்பையை இறுக்க ட்ரிப்பில் ஆக்ஸிடோசின் போட்டோம். நான் வயிற்றைப் பிசைந்துகொண்டே நின்றேன்.

"சிஸ்டர், கண்ணு இருட்டிக்கிட்டு வருது" என்றாள் பாத்திமா. உதடு வெளுத்திருந்தது.

"என்னையப் பாரு. கண்ண மூடுனே, அடிதான்" என்று அதட்டினேன்.

இதற்குள் ஆயா குழந்தையைத் துடைத்து வெளியே கொடுத்தார். வராண்டாவில் தாத்தா அதன் காதருகே தொழுகை அழைப்பான பாங்கு சொல்வது கேட்டது. பாங்கு முடிந்து வெகுநேரம் கழித்துத்தான் என் கைக்கடியில் கருப்பை கல்லாக இறுகியது. ரத்தம் நின்றது. பாத்திமா தண்ணீர் கேட்டாள். அப்பாடா என்று சுவரில் சாய்ந்தேன்.

ஆங்கிலம் படிக்கும் என் மகள் பிற்பாடு சொன்னாள்: 'டெலிவர்' என்றால் முதலில் விடுவிப்பது, ஆபத்திலிருந்து மீட்பது. அந்தக் கால ஆங்கிலத்தில் டெலிவர் ஆனவள் தாய்தான், பிள்ளை இல்லை. அப்புறம்தான் ஒப்படைப்பது என்று ஆகி, கடிதம், பார்சல் என்று வந்து, இன்று பிரியாணி வரை வந்து நிற்கிறதாம். எங்கள் வார்டு வழக்கத்தை ஆரம்பித்தவர் யாரோ, அகராதி பார்த்திருக்க மாட்டார்; ஆனாலும் அந்தப் பழைய அர்த்தத்தையே பிடித்திருக்கிறார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அன்று வெளியே வந்து மாமியாரிடமிருந்து போனை வாங்கினேன். பாத்திமாவின் கணவர் நசீர் பேசினார்.

"ஆம்பளப் புள்ளைன்னு எல்லாரும் சொல்லிட்டாக, சிஸ்டர். அவ எப்படி இருக்கான்னு கேட்டா ஒருத்தரும் வாயத் தொறக்க மாட்டேங்குறாக."

"நல்லா இருக்கா. தண்ணி குடிச்சா. இப்பத்தான் டெலிவரி ஆச்சு."

அந்தப் பக்கம் ஒரு பெரிய ஆள் தேம்பித் தேம்பி அழுவது கேட்டது. எனக்கும் கண் கலங்கிவிட்டது.

அதற்குப் பிறகு 'என்ன குழந்தை?' என்று யார் கேட்டாலும், 'தாய் நல்லா இருக்கா' என்றுதான் நான் முதலில் பதில் சொல்வேன்.